தெரு வியாபாரியும் கேலிச் சித்திரமும்

1741 ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சான ஒரு படம். பெயரைத் தமிழில் ‘சினங்கொண்ட இசைஞர்’ எனலாம். வரைந்தவர் வில்லியம் ஹோகார்த். தெருவைப் பார்த்த யன்னலில், பொய்முடி அணிந்த வயலின் கலைஞர் ஒருவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நிற்கிறார். வெளியே ஒரே கூச்சல். தலையில் கூடையுடன் ஒருவன் வாயருகே கையை வைத்துக் கூவுகிறான். கத்திக்குச் சாணை பிடிப்பவனின் சக்கரம் கிரீச்சிடுகிறது. குப்பை அள்ளுபவன் மணி அடிக்கிறான். பாட்டுத் தாள் விற்கும் பெண் கைக்குழந்தையை ஏந்தியபடி பாடுகிறாள். ஒரு சின்னப் பையன் மேளம் தட்டுகிறான். குழல் ஊதுபவன் ஒருவன், கொம்பு ஊதுபவன் ஒருவன். இவர்கள் எல்லோருக்கும் நடுவில், தலையில் பாற்பாத்திரத்துடன் ஒரு பால்காரப் பெண் நிமிர்ந்து நின்று நேரே நம்மைப் பார்க்கிறாள்.

படத்தைக் காட்டினால் மாணவிகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் நான் கேட்கும் கேள்வி இது: ஹோகார்த் யாரைக் கேலி செய்கிறார்? தெருவில் கத்துபவர்களையா, காதைப் பொத்தியவரையா? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். என் கருத்து, கேலி யன்னலுக்கு உள்ளே நிற்பவர் மீதுதான். சாப்பாட்டுக்குப் பாலும் மீனும் வேண்டும், அவை வரும் சத்தம் மட்டும் வேண்டாம் என்கிறவர் அவர். படத்தில் அழகாகவும் அமைதியாகவும் வரையப்பட்டிருப்பவள் பால்காரப் பெண் ஒருத்திதான் என்பதையும் கவனியுங்கள்.

இன்றைக்கு இலங்கையின் தெருக்களில் இந்தப் படம் தலைகீழாக மாறிவிட்டது. காலையில் ஒழுங்கைக்குள் நுழைகிற பாண் ஓட்டோ, ஜெர்மன் இசை மேதை பீத்தோவன் பியானோவுக்காக எழுதிய ‘ஃபியூர் எலிசே’ என்ற மெட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு வருகிறது. இசைஞர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து மாலுபாணும் கிம்புலா பணிஸும் விற்கத் தொடங்கிவிட்டார் போலும். காத்தான்குடியில் இருந்தாலும் ஏறாவூரில் இருந்தாலும் இந்த மெட்டைக் கேட்டதும் பிள்ளைகளுக்குப் பசி வருகிறது. ஹோகார்த் உயிரோடு இருந்தால் இதற்கும் ஒரு படம் போட்டிருப்பார்.

இத்தகைய படங்கள் எப்படி உண்டாயின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்புத் தகட்டில் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, அதன் மேல் ஊசியால் கீறுவார்கள். பின்னர் அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம் இறங்கும். கையால் வரைந்த ஓவியம் ஒன்று ஒரு செல்வரின் சுவருக்குத்தான் போகும். தகட்டில் வரைந்தது நூற்றுக்கணக்கான பிரதிகளாக ஊரெங்கும் போகும். ஹோகார்த்தின் படங்களைப் பிறர் திருடி அச்சிட்டு விற்றதால், அவரும் வேறு சிலரும் முயன்று 1735 இல் படங்களுக்கான பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார்கள். அதன்படி 14 ஆண்டுகளுக்கு வரைந்தவருக்கே உரிமை.

ஆக, வியாபாரத்தைக் காட்டிய அந்தப் படமே ஒரு வியாபாரப் பொருள். ஜேம்ஸ் கில்ரே என்ற பெயர்பெற்ற கேலிச் சித்திரக்காரரின் படங்களை வெளியிட்டு விற்றவர் ஹானா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி. இலண்டன் சென் ஜேம்ஸ் வீதியில் இருந்தது அவருடைய கடை. கில்ரே அக்கடைக்கு மேலேயே குடியிருந்தார். 1808 இல் வெளியான ஒரு படத்தில் அந்தக் கடை யன்னலே வருகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படங்களைத் தெருவில் நின்று இலவசமாகப் பார்த்து ரசிக்கும் கூட்டம் ஒரு பக்கம். கிழவர் ஒருவர் வழுக்கி விழுந்து கிடக்கிறார். கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டின் பிரதமரையும் அரசரையும் கிண்டலடித்த படங்களை ஒரு பெண் கடை வைத்து விற்றார் என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். கேலிச் சித்திரத்தை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தலாமா? ‘கேலிக்கு வரைந்தது பொய்தானே, ரீச்சர்?’ என்று மாணவிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கேலிச் சித்திரம் முகத்தைப் பற்றிப் பொய் சொல்லும். மூக்கை நீட்டும், வயிற்றைப் பெருக்கும், பல்லை வெளியே தள்ளும். ஆனால் கூடையைப் பற்றி அது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. காரணம் எளிது. பார்ப்பவர் ‘இது நம்ம தெரு மீன்காரன்’ என்று உடனே அடையாளம் கண்டால்தான் சிரிப்பு வரும். அடையாளம் காட்டுவது கூடையும் தராசும் தொப்பியும் தான். எனவே வரைபவர் அவற்றைக் கவனமாகவும் உண்மையாகவும் வரைகிறார். நான் வகுப்பில் சொல்வது: முகத்தை விட்டுவிடுங்கள், கூடையைப் பாருங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க ஹோகார்த்தின் இன்னொரு படம் உதவும். 1751 இல் அவர் இரண்டு படங்களைச் சோடியாக வெளியிட்டார். ஒன்று ‘பியர் வீதி’, மற்றையது ‘ஜின் சந்து’. பிரதி ஒன்று ஒரு சிலிங். அக்காலத்தில் இலண்டன் ஏழை மக்களை ஜின் என்ற மலிவான கடும் மது அழித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் அதைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. பியர் நல்லது, ஜின் கெட்டது என்று ஹோகார்த் காட்டுகிறார். நமக்கு இரண்டும் ஒன்றுதான், அந்த விவாதம் நமக்கு வேண்டாம். பார்க்க வேண்டியது இரண்டு படங்களிலும் இருக்கும் அடகுக் கடையை.

ஜின் சந்தின் முன்புறம் பயங்கரமானது. போதையில் இருக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் இடப்பக்கம் அடகுக் கடை வாசலைப் பாருங்கள். ஒரு தச்சன் தன் வாளையும் மேலங்கியையும் கொடுக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் தன் சமையல் பாத்திரங்களை நீட்டுகிறாள். கடைக்காரர் பொருளை உற்றுப் பார்க்கிறார். அந்தச் சந்தில் செழிப்பாக இருக்கும் சில கட்டடங்களில் அதுவும் ஒன்று. பியர் வீதியிலோ அடகுக் கடை இடிந்துவிழும் நிலையில் இருக்கிறது, கதவு அடைத்திருக்கிறது.

தச்சன் வாளை அடகு வைக்கிறான் என்றால் என்ன பொருள்? நாளைக்கு அவனுக்கு வேலை இல்லை. அந்தப் பெண் பானையைக் கொடுத்துவிட்டால் இரவு அவளுடைய அடுப்பில் ஒன்றும் இல்லை. நகையை அடகு வைப்பவர் சேமிப்பைக் கொடுக்கிறார். தொழிற்கருவியை அடகு வைப்பவர் நாளைய உழைப்பையே கொடுத்துவிடுகிறார். ஒரு பொருளியல் புத்தகம் நான்கு பக்கத்தில் சொல்வதை ஹோகார்த் ஒரு மரவாளில் சொல்லிவிட்டார். இந்த இடத்தில் எங்கள் வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும். தையல் இயந்திரத்தைக் கடனுக்குக் கொடுத்த வீடும், தோணியின் எஞ்சினை விற்று வட்டி கட்டிய வீடும் வாவிக்கரை ஊர்களில் இல்லாமல் இல்லை. அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

அதே படத்தின் அடியில் எலும்பும் தோலுமாக ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். அவனும் ஒரு தெரு வியாபாரிதான், பாட்டுத் தாள் விற்பவன். அவனுடைய கூடையில் இருக்கும் தாள் ஜின்னின் வீழ்ச்சியைப் பற்றிய பாட்டு. மதுவுக்கு எதிரான பாட்டை விற்று வந்த காசில் மதுவைக் குடித்தே அவன் முடிந்துபோனான். அவன் முகத்தை மட்டும் பார்த்தால் இரக்கம்தான் வரும். கூடைக்குள் இருப்பதை வாசித்தால்தான் கதை தெரியும்.

கேலியாக வரைந்தவர்கள் முகத்தைப் பற்றிப் பொய் சொன்னார்கள் என்றால், அழகாக வரைந்தவர்கள் வேறு விதமான பொய் சொன்னார்கள். 1790களில் ஃபிரான்சிஸ் வீட்லி என்பவர் ‘இலண்டன் கூவல்கள்’ என்ற படத்தொகுதியைத் தந்தார். அதில் பூ விற்கும் பெண்ணும் அவளுடன் இருக்கும் பிள்ளைகளும் ரோசாக் கன்னத்துடன், கறை படாத உடையுடன் நிற்பார்கள். நாள் முழுவதும் சேற்றில் நடந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பூக்காரியை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். யாட்லி நிறுவனம் பிற்காலத்தில் அவளைத் தன் வணிகக் குறியாக எடுத்துக்கொண்டது. வீட்லி அவளுக்குக் கொடுத்தது பிரிம்ரோஸ் பூக்கட்டு. நிறுவனம் அதை எடுத்துவிட்டு லாவெண்டரைக் கொடுத்தது. மத்திய கிழக்கிலிருந்து வரும் பெட்டிகளில் யாட்லி பவுடர் டின் இல்லாத பெட்டி எங்கள் ஊரில் அபூர்வம். 1799 இல் தோமஸ் ரோலண்ட்சன் இதே ‘இலண்டன் கூவல்கள்’ என்ற தலைப்பில் கேலியாக ஒரு தொகுதி போட்டார். அதில் எலிப்பொறி விற்பவன் கந்தலாக வருகிறான். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், ரோலண்ட்சனின் எலிப்பொறியை நான் நம்புவேன். வீட்லியின் கன்னங்களை நம்பமாட்டேன்.

சில வேளைகளில் தெரு வியாபாரி வெறும் உவமையாக மாறிப்போவார். இலண்டனில் ‘டிடி டோல்’ என்ற பட்டப்பெயருடன் ஒருவர் இஞ்சிப் பணியாரம் விற்றார். சரிகை வைத்த அங்கி, இறகு செருகிய தொப்பி, வாயில் எப்போதும் ஒரு பாட்டு. 1747 இல் ஹோகார்த் வரைந்த ஒரு கூட்டக் காட்சியில் அவர் தொழில் செய்துகொண்டு நிற்கிறார். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1806 இல், கில்ரே அந்தப் பெயரை எடுத்து நெப்போலியனுக்குச் சூட்டினார். நெப்போலியன் போறணையிலிருந்து புதிய அரசர்களைப் பணியாரம் போலச் சுட்டு எடுக்கிறார். பவேரியா, வூர்ட்டம்பேர்க், பாடன் என்று சூடாக வருகிறார்கள். பின்னால் அமைச்சர் டாலிராண்ட் மாப் பிசைகிறார். அருமையான படம்தான். ஆனால் டிடி டோல் என்ற மனிதர் அதில் இல்லை. அவருடைய தொழில் ஒரு வசவாக மட்டும் மிஞ்சிவிட்டது. நாமும் சண்டையில் ‘சந்தைக்காரி மாதிரிக் கத்தாதே’ என்கிறோம் அல்லவா? அதில் எந்தச் சந்தைக்காரியும் இல்லை.

1841 இல் இலண்டனில் ‘பஞ்ச்’ என்ற கேலி வார இதழ் தொடங்கியது. உலகெங்கும் அதைப் பார்த்துப் பல ‘பஞ்ச்’கள் முளைத்தன. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி மேஹ்யூ செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கேலி இதழை விட்டு விலகிய அவர், சில ஆண்டுகளின் பின் நோட்டுப் புத்தகத்துடன் தெருவில் இறங்கினார். மீன்காரர், பழக்காரர், தீப்பெட்டி விற்பவர், கந்தை பொறுக்குபவர் என ஒவ்வொருவரையும் நிறுத்திப் பேசினார். என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், என்ன விலைக்கு விற்கிறீர்கள், மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதினார். அவர் சந்தித்தவர்களில் ஒரு கீரை விற்கும் சிறுமியும் இருந்தாள். வயது எட்டு. குளிருக்கு மெல்லிய பருத்திச் சட்டை. அவளிடம் விளையாட்டுச் சாமான், பூங்கா என்று மேஹ்யூ பேச்சுக் கொடுத்தார். பூங்கா என்றால் என்ன என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சந்தையில் எந்தக் கட்டைப் பொறுக்குவது, எப்படி விலை பேசுவது என்று கேட்டபோது பெரியவர்களைப் போல விளக்கினாள். தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதில் அவளுக்கு ஐயமே இருக்கவில்லை. கேலிச் சித்திரம் எதிலும் அந்தச் சிறுமியின் கணக்கு வராது. கேட்டால்தான் வரும்.

‘பஞ்ச்’ இலங்கைக்கும் வந்தது. 1869 இல் கொழும்பில் தோன்றிய ஓர் ஆங்கில இதழ் தன்னை ‘இலங்கையின் பஞ்ச்’ என்று அழைத்துக்கொண்டது. அதன் பெயர் ‘முனியாண்டி’! நடத்தியவர் ஜோன் கெப்பர் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். எழுதியது ஆங்கிலத்தில், வாசித்தது பெரும்பாலும் வெள்ளையரும் ஆங்கிலம் படித்தோரும். பெயர் மட்டும் தமிழ். தோட்டத்தில் கோப்பி பறித்த எத்தனையோ முனியாண்டிகளில் எவருக்கும் அதை வாசிக்கத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்குப் படம் வரைந்தவர் பறங்கியர் இனத்தைச் சேர்ந்த ஜே. எல். கே. வான் டோர்ட் (1831–1898). அவருடைய கை நல்ல கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் தெருவும் மக்களும் எப்படி இருந்தார்கள் என்று தேடுபவர்கள் இன்றும் அவரிடம்தான் போகிறார்கள். அவருக்கு மூத்தவர் ஒருவரும் உண்டு, பாண்டிச்சேரியில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த இப்போலிட் சில்வாஃப். அவர் கேலிச் சித்திரக்காரர் அல்லர். நீர்வர்ணத்தில் இந்நாட்டு மக்களை அவரவர் உடையுடன் வரைந்து வைத்தவர்.

அக்கால ஆங்கிலப் பயண நூல்களிலும் படங்களிலும் அடிக்கடி வரும் ஒருவர் முஸ்லிம் நடை வியாபாரி. உயரமான தொப்பி, சாரன், கையில் கல்லும் மாலையும் ரேந்தையும். கப்பலில் வந்து இறங்கும் துரைமாரைச் சுற்றி நிற்பார். அவருக்கு அவர்கள் கொடுத்த பெயர் ‘தம்பி’. நம் வாயில் அது எவ்வளவு இனிய சொல்! தெருவில் போகும் அறியாத பையனைக்கூட ‘தம்பி’ என்றுதான் அழைப்போம். அந்தச் சொல் ஒரு சமூகத்தார் அனைவருக்கும் ஒட்டிய சீட்டாகி, விலையைக் கூட்டிச் சொல்பவன், விடாமல் தொல்லை தருபவன் என்ற பொருளுடன் திரும்பி வந்தது. விலை பேசுவது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் காரியம். வெள்ளைக்காரர் பத்தில் ஒன்றுக்குக் கேட்பதும் அதே பேரத்தின் மறுபாதி. ஆனால் பேனை ஒருவர் கையில் மட்டும் இருந்தது.

இதைச் சின்ன விடயம் என்று விட்டுவிட முடியவில்லை. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. கூடுதலாகத் தாக்கப்பட்டவர்கள் இந்தியக் கரையோரத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த சோனகர்கள். படங்கள்தாம் கடைகளை எரித்தன என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு அரசியல், பொருளாதாரக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் பேச்சிலும் எழுத்திலும் முஸ்லிம் வியாபாரி என்றால் ஒரே முகம், ஏமாற்றுக்கார முகம், என்று திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. ஒரு மனிதருக்குப் பல முகம் இருக்கிறது என்று தெரிந்தால் அவருடைய கடைக்குக் கல்லெறிய எளிதில் கை வராது.

அந்த ‘தம்பி’யின் கூடையை இப்போது பார்ப்போம். நம் பகுதியில் அது கூடை அல்ல, பொட்டணி. என் உம்மாவின் வாப்பா பொட்டணி வியாபாரி. செங்கலடியால் ஏறி மகாஓயா, பிபிலை என்று பதுளை வழியில் சிங்களக் கிராமங்களுக்குப் போவார். கெட்டியான வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, சாரன்களை அடியில் வைத்து, சீத்தைத் துணியை அதன் மேல் மடித்து, பிள்ளைச் சட்டைகளை ஓரத்தில் செருகி, நான்கு முனையையும் முடிச்சிட்டுத் தோளில் போடுவார். கையில் ஒரு யார் கோல். பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே புறப்பட்டு, பெருநாளுக்கு முதல் நாள் திரும்பிய ஆண்டுகளும் உண்டாம். அவரிடம் துணி வாங்கியவர்களில் பலர் உடனே காசு கொடுத்ததில்லை. அறுவடைக்குப் பிறகு நெல்லாகவும் சோளமாகவும் கொடுப்பார்கள். அதை நம்பித் துணியைக் கொடுத்துவிட்டு வருவார். ஏமாற்றுபவன் என்று படம் போட்டவர்கள், மொழி வேறான ஊரில் எழுத்துச் சீட்டு இல்லாமல் ஆறு மாதக் கடன் கொடுத்த ஒருவரை எப்படி வரைந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஆனால் வாவிக்கரையின் வியாபாரத்தில் பாதி எந்தப் படத்திலும் அகப்படாது. இலண்டன் படங்களில் பெண்கள் நிறைய வருகிறார்கள்: பால்காரி, மீன்காரி, பூக்காரி, கீரைக்காரச் சிறுமி. அவர்கள் தெருவில் நின்று விற்றார்கள், யன்னல் வழியே பார்த்தவரின் கண்ணில் பட்டார்கள். எங்கள் ஊர்களில் பெண்களின் தொழில் வேலிக்கு உள்ளே நடந்தது. பன்னை அறுத்துக் காயவைத்து, கிழித்து, சாயத்தில் அவித்து, திண்ணையில் இருந்து பாய் இழைத்தவர்கள் உம்மாமார். அதை எடுத்துப்போய் விற்றவர் காக்காவோ, மச்சானோ, முதலாளியோ. மருதமுனைத் தறியில் நெய்த சாரனை ஆண் தோளில் போட்டுக்கொண்டு போவார், நூல் சுற்றிய கை வீட்டில் இருக்கும். விடியுமுன் இடியப்பம் அவித்து வட்டியில் அடுக்கித் தேநீர்க் கடைக்கு அனுப்பியவர் பெண், கொண்டுபோனவன் ஏழு வயதுப் பேரன். வான் டோர்ட்டே மட்டக்களப்புக்கு வந்து ஒரு மாதம் தங்கி வரைந்திருந்தாலும் அந்தப் பேரனைத்தான் வரைந்திருப்பார். பிறகு நூறு ஆண்டு கழித்து நாம் அப்படத்தைப் பார்த்து, ‘அக்காலத்தில் பெண்கள் தொழில் செய்யவில்லை’ என்று விடைத்தாளில் எழுதுவோம். படத்தில் இல்லாததை ஊரில் இல்லாதது என்று எண்ணுவதுதான் சான்றை வாசிப்பவர் செய்யும் பெரும் பிழை.

தமிழில் கேலிச் சித்திரத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்த முன்னோடி சுப்பிரமணிய பாரதியார். 1906 இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவர் படங்களை வெளியிட்டார். நம் நாட்டில் இந்தக் கலையை மக்கள் மனதில் நிறுத்தியவர் ‘சுந்தர்’ என்ற பெயரில் வரைந்த சி. சிவஞானசுந்தரம். தினகரனில் அவர் வரைந்த சவாரித் தம்பரையும், பிறகு அவர் நடத்திய ‘சிரித்திரன்’ இதழையும் எங்கள் வாப்பாமார் இன்றும் நினைத்துச் சிரிப்பார்கள். சவாரித் தம்பர் யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதர். அவரைப் பார்த்து யாழ்ப்பாணத்தார்தான் முதலில் சிரித்தார்கள். வரைந்தவர் அதே ஒழுங்கையில் நடந்தவர். தன் வீட்டு மாமாவைக் கேலி செய்வதற்கும் அயலூர்க்காரரைக் கேலி செய்வதற்கும் உள்ள வேறுபாடு அது. மாமா மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து ‘என்னடா இப்படி வரைந்துவிட்டாய்’ என்று கேட்பார். வரைந்தவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலைக் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். ஒரு நகைச்சுவை நாடகம். மீன்காரர் பாத்திரம் ஏற்ற பிள்ளை வயிற்றில் தலையணை கட்டி, வாயில் வெற்றிலைச் சிவப்புப் பூசி, தராசைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்தாள். மண்டபம் அதிர்ந்தது. நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலணியின் வாரைச் சரிசெய்வதுபோல நாடகம் முடியும்வரை இருந்தாள். அவளுடைய வாப்பா காலையில் கரைக்குப் போய் மீன் ஏலத்தில் எடுத்து, சைக்கிளில் பெட்டி கட்டி விற்பவர் என்பது எனக்குத் தெரியும். பாடசாலைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் அவள் ‘சுயதொழில்’ என்று எழுதியிருந்தாள்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது, படிவத்தில் ‘மீன் வியாபாரம்’ என்றே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொழிலில் இருக்கும் அறிவு கொஞ்சமா? எந்தக் காற்றுக்கு வாவியில் இறால் படும், செவுளின் எந்தச் சிவப்பு இன்றைய சிவப்பு, எது நேற்றைய சிவப்பு, எந்த வீட்டில் மாதக் கடைசியில் கடன் சொல்வார்கள், எந்த வீட்டு உம்மா கேட்கக் கூச்சப்படுவார், அந்த வாசலில் எப்படிக் கேட்காமலே நூறு கிராமைக் கூடப் போடுவது. இவற்றை எந்தப் பாடநூலும் சொல்லாது.

மாணவிகளுக்கு ஒரு வேலை. உங்கள் வாசலுக்கு வரும் வியாபாரி ஒருவரை வரையுங்கள். கேலியாகவும் வரையலாம், தடையில்லை. ஆனால் முகத்தைக் கடைசியில் வரையுங்கள். முதலில் பெட்டியை வரையுங்கள். எத்தனை பலகை, எந்தக் கயிறு, எந்தப் பக்கம் தராசு தொங்குகிறது, ரப்பர்க் குழல் கைபிடியில் எங்கே கட்டியிருக்கிறது. தயிர்க்காரர் என்றால் சட்டிகளுக்கு இடையில் எதை வைத்து உடையாமல் காக்கிறார் என்று பாருங்கள். தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள். மேஹ்யூ கேட்டது போல வாங்கும் விலை, விற்கும் விலை, மழை நாள் மூன்றையும் கேளுங்கள். படம் முடிந்ததும் அவருக்கே காட்டுங்கள். அவர் சிரித்தால் பின்புறத்தில் திகதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உம்மம்மா இருந்தால் இன்னும் நல்லது. பாய்க்குச் சாயம் அவித்த பானை எங்கே, கொத்தும் மரைக்காலும் யார் வீட்டில் இருக்கின்றன, இடியப்பக் கணக்கை எழுதாமல் எப்படி நினைவில் வைத்தார் என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். படம் போட ஆளில்லாத தொழில்களுக்கு அந்தக் கொப்பிதான் படம். என் உம்மாவிடம் நான் பொட்டணியைப் பற்றிக் கேட்டபோது, அதை வரைய வேண்டுமானால் முடிச்சைச் சரியாகப் போடு என்றார். நான்கு முனையில் வலது கைப் பக்கத்து முனையை மட்டும் வாப்பா இரட்டை முடிச்சாகப் போடுவாராம். கடன் கொப்பி அதற்குள்தான் இருக்கும்.